லைனில் ஒருவர் இருக்கிறார்

வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை எடுத்துக் கேட்டுவிடுங்கள் தம்பி. கேட்டுவிட்டு அப்புறம் வெட்டலாம். நான் குறுக்கே நிற்கவில்லை. இந்தப் போன் வேண்டாம் என்று முதலாளி மகன், சின்னவர், எழுதிக் கொடுத்துவிட்டார், நீங்கள் டெலிபோன் ஆபீஸிலிருந்து காகிதத்தோடு வந்திருக்கிறீர்கள், தடுக்க நான் யார்? வீட்டைப் பூட்டும்வரை பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், பார்த்துக்கொள்கிறேன். ஆனால் லைனில் ஆள் இருக்கும்போது வெட்டக் கூடாது இல்லையா. அது உங்கள் தொழிலிலும் உண்டு, என் தொழிலிலும் உண்டு.

டயல் டோன்தான் வருகிறதா? காதோடு ஒட்டி வைத்துக் கேளுங்கள். சரி. உங்களுக்கு அதுதான் வரும். உங்களுக்கு அவரைப் பழக்கமில்லை.

தப்பாக நினைக்க வேண்டாம். பேய் பிசாசு என்று நான் சொல்லவில்லை. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. எட்டாவதுதான் படித்தேன் என்றாலும் மில்லில் போன் போர்டில் உட்கார்ந்தவன். லைனில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று அவர் பேசாமலே எனக்குத் தெரியும். ஆள் இல்லாத லைன் தகரம் மாதிரி இருக்கும். ஆள் இருக்கிற லைன் அப்படி இருக்காது. இது ஆள் இருக்கிற லைன்.

அந்த நாற்காலியில் உட்காருங்கள். அது முதலாளியுடையது இல்லை, உட்காரலாம். மோர் குடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில்கூட உங்களை அனுப்பியிருக்கிறார்கள். லைனில் இருக்கிறவருக்கும் ஞாயிற்றுக்கிழமைதான்.

பூபதி. எங்கள் கபடி டீமின் மேனேஜர். டிவியில் பார்த்திருப்பீர்கள், நொய்யல் வேங்கைகள், ஆரஞ்சு பனியன். முதலில் நீலமாகத்தான் இருந்தது. போட்டி தொடங்கப் போகிற வாரத்தில் ஜோசியர் ஏதோ சொல்லி, நிறத்தை மாற்று என்றார் முதலாளி. திருப்பூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பனியன் கிடைக்காதா என்று கேட்டார். கிடைத்தது. பூபதி அந்த வாரம் தூங்கவில்லை, அவ்வளவுதான்.

மேனேஜர் என்றால் கோட்டுப் போட்டு முன்வரிசையில் உட்காருகிற வேலை என்று நானும் நினைத்திருந்தேன். ஏலத்தில் ஆள் எடுப்பது அவர். விலை பேசி ஒப்பந்தம் போடுவது அவர். ஓட்டல், விமானம், முழங்கால் பிசகினவனுக்கு ஆபரேஷன், எடை கூடினவனுக்குப் பட்டினி, ஈரானிலிருந்து வந்த பையனுக்கு அவன் ஊர் ரொட்டி, ரெய்டுக்குப் போகிறவனுக்கு ஊரில் பெண்டாட்டியோடு சண்டை என்றால் சமாதானம், முதலாளி வீட்டம்மாவின் அக்கா குடும்பத்துக்கு டிக்கெட். எல்லாம் அவர். ஆட்டம் முடிந்து ஆட்களைச் சாப்பிட வைத்து அவர் தலை சாய்க்கும்போது ஒன்று, ஒன்றரை ஆகிவிடும். எங்கள் முதலாளி எழுந்திருப்பது நாலு மணிக்கு. எழுந்ததும் முதல் நினைப்பு டீம். "பூபதியப் போடு" என்பார். போடுவேன். மூன்றாவது மணிக்குள் எடுத்துவிடுவார். ஒரு நாள்கூட நாலாவது மணி கேட்டதில்லை. அப்படி ஒரு ஆளை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

முதலாளி தானாக போன் போட மாட்டார். கைபேசியும் வைத்துக்கொள்ளவில்லை. அவர் அப்பா காலத்து வழக்கம் அது. அப்போது வெளியூருக்கெல்லாம் டிரங்கால். பம்பாய்க்குப் பதிந்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். லைன் கிடைத்ததும் அந்தப் பக்கத்து ஆளைப் பிடித்து நிறுத்திவிட்டுத்தான் பெரிய முதலாளியிடம் போய்ச் சொல்லவேண்டும். அவர் கையிலுள்ள வேலையை முடித்துக்கொண்டு வருவார். முதலாளி யாருக்காகவும் லைனில் நிற்கக் கூடாது, அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். டிரங்கால் போய்விட்டது. வழக்கம் போகவில்லை. "லைன்ல நிக்கறவன் நம்மாளு. வெச்சுட்டுப் போறவன் ஊராளு" என்பார் எங்கள் முதலாளி.

ஆகவே நான் போட்டு, "முதலாளி வர்றாங்க" என்று சொல்லி, ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். முதலாளி பூஜை முடித்து வருவார். பல் துலக்கி வருவார். சில நாள் பேப்பர் படித்துக்கொண்டே "நிக்கட்டும்" என்பார். அது கோபத்தில் இல்லை, பிரியத்தில்தான். பிரியமில்லாதவர்களை அவர் கூப்பிடவே மாட்டார். அவர் வந்து பேசி, "வெச்சுரு" என்று என்னிடம் சொன்னால் மட்டும்தான் வைப்பது. அந்தப் பக்கம் வைக்கக் கூடாது. நானும் வைக்கக் கூடாது.

பூபதி நிற்பார். எங்கே இருந்தாலும் நிற்பார். ஆஸ்பத்திரியில் மகள் பிறந்த அன்றைக்கு நின்றார், பின்னால் குழந்தை அழுதது எனக்கு இங்கே கேட்டது. குளிக்கப் போனாலும் போனைப் பாலிதீன் பையில் கட்டிக் கொண்டுபோவார். காரில் போகும்போது கூப்பிட்டால் ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டு நிற்பார், இரைச்சல் கேட்டால் முதலாளிக்குப் பிடிக்காது என்று. பழனிக்குக் குடும்பத்தோடு போனார். மலைமேல் போன் கொண்டுபோகக் கூடாதல்லவா, அதனால் மகளுக்கு மொட்டை அடித்து மனைவியோடு மேலே அனுப்பிவிட்டு, இவர் அடிவாரத்திலேயே செருப்புகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போட்டபோது சிரித்தார். "முருகனுக்கு நான் வெயிட்டிங்குங்ணா. மொதலாளிக்குத்தான் லைன்" என்றார்.

அந்த நிற்கிற நேரத்தில்தான் நாங்கள் பேசிக்கொள்வோம். எனக்கு நேரில் பேச வராது தம்பி. கூச்சம். அவர் இந்த வீட்டுக்கு வந்தால் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்விடுவேன். போனில் அப்படி இல்லை. "நாச்சிமுத்தண்ணா, சாப்ட்டாச்சுங்களா" என்று ஆரம்பிப்பார். அவர் வீட்டில் குக்கர் சத்தம் கேட்கும். மகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும், ஏழாம் வாய்ப்பாட்டில் எப்போதும் ஒரே இடத்தில் தடுக்கும், நான் இங்கிருந்து வாய்க்குள் சொல்லிக் கொடுப்பேன். அவரும் கபடி ஆடினவர்தான், ரெய்டுக்குப் போனவர். பாட்டு நிற்காமல், மூச்சை விடாமல், எதிராளி களத்துக்குள் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பிக் கோட்டுக்கு வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம் என்று எனக்கு விளக்கினவர் அவர். "அப்பெல்லாம் ஒரு மூச்சுத்தான் புடிக்கோணும்ங்ணா. இந்த வேலைல நாள் பூராம் புடிச்சுட்டுத் திரியறேன்" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன். சில நாள் முதலாளி பேப்பரை மடித்து வைத்துவிட்டு இந்தப் பக்கம் பார்ப்பார். நான் உடனே ரிசீவரை நீட்ட மாட்டேன். பூபதி ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பார், அது முடியட்டும் என்று இருப்பேன். அது வேறு விஷயம்.

அவர் மனைவி கோகிலவாணி ஒரு தடவை இந்த நம்பருக்கே கூப்பிட்டது. பூபதிக்குத் தெரியாமல். நல்ல பெண், குரல் உயர்த்திப் பேசாது. "ஞாயித்துக்கெழம மத்தியானம் ஒரு நேரம் மட்டும் உட்ருங்ளேனுங்ணா. புள்ளகூட ஒக்காந்து ஒருவாய் சோறு உங்கட்டும். எந்திரிச்சு எந்திரிச்சுப் போறாரு, தட்டு காஞ்சு போயிருது" என்றது. முதலாளியிடம் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. அதைச் சொல்லுகிற இடத்தில் நான் இல்லை தம்பி. ஆனால் அடுத்த ஞாயிறு முதலாளி "பூபதியப் போடு" என்றபோது, கொஞ்சம் மெதுவாக நம்பரைச் சுழற்றினேன். அந்த அளவுக்குத்தான் என் கை போகும்.

பிறகு அந்த ஞாயிறு. டீம் அரையிறுதியில் தோற்றுத் திரும்பிய மறுநாள். கடைசி ரெய்டில் ஒருவனை அனுப்பினார்கள், அவன் கோட்டைத் தொடுமுன் அமுக்கிவிட்டார்கள். பூபதி ஏன் அவனை அனுப்பினான் என்று முதலாளி காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார், என்னிடம். எனக்கென்ன தெரியும்? பூபதி விமானத்தில் வந்து இறங்கியவர் வீட்டுக்குக்கூடப் போகாமல், தோள் நழுவின ஒரு பையனை நேராக ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அப்போதுதான் கிளம்பியிருக்கிறார். முதலாளி சாப்பிட்டுக் கை கழுவினார். அதோ, அந்தச் சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். "பூபதியப் போடு" என்றார். போட்டேன். இரண்டாவது மணியில் எடுத்தார். திரும்பிப் பார்த்தால் முதலாளி கண் அசந்துவிட்டார்.

உண்டு உறங்குகிறவரை எழுப்புவது இந்த வீட்டில் வழக்கமில்லை.

"வீட்டுக்குத்தாங்ணா போயிட்டிருக்கேன். கொளத்தோரம் வேப்பமரத்தடில ஓரங்கட்டிட்டேன்" என்றார். சிங்காநல்லூர்க் குளம். அங்கிருந்து இரண்டு திருப்பம் திரும்பினால் அவர் வீடு. மனைவி கோழி அடித்துக் குழம்பு வைத்திருப்பதாகச் சொன்னார். முதலாளி கோபமாக இருக்கிறாரா என்று கேட்டார். அப்படியெல்லாம் இல்லை என்றேன்.

அப்புறம், "வேர்க்குதுங்ணா. கையெல்லாம் ஒரு மாதிரி கனமா இருக்குது" என்றார். தண்ணீர் குடியுங்கள் மேனேஜர் என்றேன். தண்ணீர் பின்சீட்டில் இருக்கிறது, போனை வைத்துவிட்டு இறங்கி எடுக்க வேண்டும் என்றார்.

"வெச்சராதீங்க மேனேஜர். இப்ப வந்துருவாங்க" என்றேன்.

"இல்லீங்ணா. லைன்லதான் இருக்கேன்" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு மூச்சு மட்டும் கேட்டது. நீளமாக, கொஞ்சம் கரகரப்பாக. அசதியில் தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். தூங்கட்டும், எத்தனை நாளாகத் தூங்கவில்லையோ என்று எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. யோசித்துப் பாருங்கள். இங்கே முதலாளி தூங்குகிறார். அங்கே மேனேஜர் தூங்குகிறார். நடுவில் நான் மட்டும் விழித்துக்கொண்டு, இரண்டு பேரையும் எழுப்பிவிடக் கூடாது என்று, ரிசீவரைப் பிடித்த கையை மாற்றாமல் நிற்கிறேன். மின்விசிறியைக்கூடக் குறைத்தேன். மூச்சு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. லைன் அப்படியே ஆள் இருக்கிற லைனாகத்தான் இருந்தது.

ரொம்ப நேரம் கழித்து வேறு ஒரு குரல் வந்தது. இளநீர் விற்கிறவராம். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர், கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்திருக்கிறார். "யாருங்க லைன்ல? இவரு பேச்சு மூச்சில்லாமக் கெடக்கறாருங்க. காதுல போனு அப்படியே இருக்குது. நீங்க யாருங்க?" என்று கேட்டார்.

நான், "முதலாளி தூங்கறாங்க" என்றேன்.

வேறு என்ன சொல்வது தம்பி? நான் யார் என்று கேட்டால் என்ன சொல்வது? முதலாளி தூங்கிக்கொண்டிருந்தது உண்மைதானே. அந்த ஆள் போனை சீட்டில் போட்டுவிட்டு ரோட்டில் போகிறவர்களைக் கூப்பிட ஓடிவிட்டார். அவர் வைக்கவில்லை. அதைக் கவனியுங்கள், அவரும் வைக்கவில்லை. பிறகு அங்கே ஒரே சத்தம். அந்தச் சத்தத்திலா, நான் பேசினதிலா தெரியவில்லை, முதலாளி விழித்துக்கொண்டார். கையை நீட்டினார். கொடுத்தேன். வாங்கிக் கேட்டார். "யாரோ கத்திட்டிருக்கறாங்க. அவனெங்கெ?" என்றார். ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

வெச்சுரு என்று சொல்லவில்லை.

நான் அதை இந்த மேசைமேல் மல்லாத்தி வைத்தேன். தாங்கியில் வைக்கவில்லை. மறுநாள் யாரோ வீடு கூட்ட வந்தவர்கள் எடுத்து வைத்திருக்கிறார்கள். அது கணக்கில் சேராது.

அரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். ஊரில் ஆளுக்கொரு பேச்சு. சின்னவர் என்னிடமே கேட்டார், "நீங்களாவது வெச்சுட்டு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கலாமில்ல" என்று. வெளிநாட்டில் படித்தவர், கேட்பார். பூபதி தன் வாயால் ஒரு வார்த்தை, அண்ணா எனக்கு முடியவில்லை, வைக்கிறேன் என்று சொல்லியிருந்தால் நான் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? அவர் கேட்கவே இல்லை. கேட்காத ஒன்றை நான் எப்படிக் கொடுப்பது?

இழவுக்கு முதலாளி ரோஜா மாலை அனுப்பினார், நான்தான் கொண்டுபோனேன். டீம் பையன்கள் எல்லாம் ஆரஞ்சு பனியனோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொருவனும் மலை மாதிரி, குழந்தை மாதிரி அழுதார்கள். கோகிலவாணி என்னைக் கூப்பிட்டது. கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டது. நான் பொய் சொல்கிறவன் இல்லை. லைனில்தான் இருக்கிறேன் என்று சொன்னாரம்மா என்றேன். அந்தப் பெண் ஒரு வார்த்தை திட்டவில்லை. மாலையைக் கையில் வாங்கி, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தது. "எங்களுக்குங்களா இது? உங்க லைனுக்குப் போடுங்க" என்றது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? கேட்டது, சொன்னேன்.

உங்கள் போன் அடிக்கிறது. எடுங்கள், எனக்காகப் பார்க்க வேண்டாம். ஆபீஸரா? ஞாயிற்றுக்கிழமையிலும் கூப்பிடுகிறாரா? அப்படியானால் முக்கியமாக இருக்கும், எடுத்துவிடுங்கள்.

கட் பண்ணிவிட்டீர்களா.

ஆபீஸரையா?

ஒன்றும் ஆகாதா? நாளைக்குப் பேசிக்கொள்ளலாமா? அப்படியும் உண்டா? இல்லை, சும்மா கேட்டேன். நீங்கள் அதை ஒரு விரலால் தள்ளிவிட்டு மோர் குடிப்பதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ மாதிரி ஆகிவிட்டது. பூபதிக்கும் உங்கள் வயதுதான் இருக்கும். உங்களுடையது சர்க்கார் உத்தியோகம் தம்பி. அதையும் இதையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. கூடாது.

முதலில் சில மாதம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. முதலாளி வேறு ஒரு மேனேஜரை வைத்தார், ஏழு மணிக்கு மேல் அந்த ஆள் போன் எடுக்க மாட்டான். ஊராளு என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டபின் முதலாளி கண்ணை மூடிக்கொண்டு, "பூபதியப் போடு" என்றார். தூக்கக் கலக்கத்தில் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா? நான் கேட்கவில்லை. போய் ரிசீவரை எடுத்தேன். நம்பர் சுழற்றவில்லை தம்பி, வெறுமனே எடுத்தேன். டயல் டோன் இல்லை. அந்த மூச்சு இருந்தது. நீளமாக. கொஞ்சம் கரகரப்பாக.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் இருக்கிறது. பழைய கருவியை மாற்றிப் பார்த்தேன். வயரை மாற்றினேன். உங்கள் ஆபீஸுக்கு மூன்று தடவை புகார் எழுதினேன், வந்து பார்த்தவர்கள் எல்லோரும் உங்களை மாதிரியே டயல் டோன் வருகிறது என்றார்கள். நான் ஒன்றும் பேசுவதில்லை. அவரும் பேசுவதில்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்க வாய் வரும். கேட்டால் என்ன பதில் வரும் என்று பயந்து விட்டுவிடுவேன். அவர் நிற்கிறார், நானும் நிற்கிறேன். முதலாளி எழுந்து வந்து இரண்டு வார்த்தை பேசி வெச்சுரு என்று சொன்னால் முடிந்துவிடும் காரியம். கேட்கலாம் கேட்கலாம் என்று இருந்தேன். தை மாதம் முதலாளி போய்விட்டார். தூக்கத்திலேயே. அந்தச் சாய்வு நாற்காலியில்தான்.

இப்போது சொல்லுங்கள். வைக்கச் சொல்ல இனி யார் இருக்கிறார்கள்? சின்னவர் டீமை வடக்கே யாருக்கோ விற்றுவிட்டார். வீட்டையும் விலை பேசியாகிவிட்டது. அவரைக் கேட்டால் சிரிப்பார்.

எழுந்துவிட்டீர்களா. பெட்டி வெளியே கம்பத்தில் இருக்கிறது, தெரியும். உங்களுக்கும் வீட்டுக்குப் போக வேண்டுமே. இல்லை, நான் தடுக்கவில்லை. எனக்கு மூச்சைக் கேட்கப் பயமில்லை தம்பி, பழகிவிட்டது. வெட்டினால்தான் பயம். ஏன் என்று சொல்லிவிடுகிறேன், அப்புறம் போங்கள்.

ஒரு ஐப்பசியில் நல்ல மழை. பூபதியை லைனில் நிறுத்தியிருந்தபோது மரம் விழுந்து கம்பி அறுந்துபோனது. பேச்சில்லாமல் லைன் போனால் அவர் என்ன நினைப்பார்? முதலாளி கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார் என்றுதானே நினைப்பார். டீமை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு, ஓட்டல் செருப்போடு, அந்த மழையில் வந்து இதோ இந்தப் போர்ட்டிகோவில் நின்றார். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, "மொதலாளி எம்மேல வருத்தமாங்ணா" என்று கேட்டார். நேரில் பார்த்ததால் எனக்குப் பேச்சு வரவில்லை. துண்டுகூடக் கொடுக்கவில்லை. உள்ளே கையைக் காட்டிவிட்டு விலகிக்கொண்டேன்.

அதைத்தான் சொல்கிறேன். லைன் போனால் அவர் நேரில் வந்துவிடுவார்.

சரி, வெட்டிவிட்டு வாருங்கள். உங்கள் வேலை.

முடிந்ததா? இருங்கள், கேட்கிறேன்.

ஆமாம். தகரம் மாதிரி இருக்கிறது. ஆள் இல்லை.

அப்படியானால் கிளம்பிவிட்டார். சிங்காநல்லூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ரோட்டில் கூட்டம் இருக்காது. தம்பி, பையை அதற்குள் மாட்டாதீர்கள். உங்களை ஒன்று கேட்கட்டுமா. வந்து நின்று அவர் கேட்பார், என்மேல் வருத்தமா என்று. முதலாளி இல்லை என்று நான் சொன்னால், வரும்வரை இருக்கிறேன் என்று இந்தப் படியில் உட்கார்ந்துவிடுவார். அவரைப் போகச் சொல்ல எனக்கு வாய் வராது. நேரில் எனக்கு எதுவுமே வராது. உங்களுக்கு வரும். ஆபீஸரையே தள்ளிவிட்டவர் நீங்கள். கொஞ்ச நேரம் வாசலில் நில்லுங்கள். மெலிந்த ஆள், முன் தலை வழுக்கை, போனைக் கையிலேயே பிடித்திருப்பார். அவரைப் பார்த்து, "பூபதி, வீட்டுக்குப் போங்க, சோறு ஆறுது" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

நீங்கள் சொன்னால் போதும். நான் இந்தக் கதவுக்குப் பின்னால்தான் நிற்பேன்.